பாண்டீஸ்வரியின் வலது தோள்

பாண்டீஸ்வரியின் வலது கை தோளுக்கு மேலே ஏறமாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்து மாதங்கள் ஆகிவிட்டன. இடது கையால் தலை சீவினாள், இடது கையால் கொடியில் துணி போட்டாள். வீட்டில் எப்படியோ சமாளித்துவிடலாம். ராஜபாளையத்து நூல் மில்லில் அந்தப் பாச்சா பலிக்குமா? மெஷினுக்கு மேலே வரிசையாகத் தொங்கும், பஞ்சுத்திரி சுற்றிய பாபின் தீரத் தீர, எட்டிப் புதுசு மாட்ட வேண்டும். கீழே இழை அறுந்தால் மெஷின் ஓட ஓடவே ஒட்ட வேண்டும். ஒற்றைக் கைக்காரிக்கு அங்கே வேலை இல்லை.

சூப்பர்வைசர் கௌதம்ராஜ் சின்னப் பையன்தான், நல்ல பையனும்கூட. சொல்லத்தான் அவனுக்குத் தயக்கம்.

“அக்கா, மாசக் கடைசி வெள்ளிக்கிழமை மேனேஜர் வாராரு. வலது கையால பாபின் மாட்டிக் காட்டிட்டா மெஷின் உங்களுக்குத்தான். இல்லன்னா பஞ்சு கூட்டி அள்ளுத வேலைக்கு மாத்தச் சொல்லிட்டாரு.”

கூட்டி அள்ளுவது கேவலமா? இல்லவே இல்லை. ஆனால் அவள் பழக்கிவிட்ட பெண்பிள்ளைகள் நிமிர்ந்து நின்று மெஷின் ஓட்ட, அவர்கள் காலடியில் இவள் குனிந்து கூட்டுவதா?

“மாட்டிக் காட்டுதேன் தம்பி,” என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

தன் ஊர் வன்னியம்பட்டியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு அடுத்த தெருவில் சடகோபன் வைத்தியரின் வைத்தியசாலை. தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, எண்ணெய் போட்டு மூலிகை ஆவி காட்ட வேண்டும் என்றார் அவர். அந்த வேலை, அங்கே அவருக்கு உதவியாக இருந்த ஸாவித்ரியுடையது. கறாரான பொம்பளை, சிரிப்பதற்கும் சீட்டு வாங்க வேண்டும்.

நொச்சியும் ஆமணக்கிலையும் வாதநாராயண இலையும் குக்கரில் கொதிக்கும். குக்கர் வெயிட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, நுனியில் துணி சுற்றியிருப்பாள் ஸாவித்ரி. தைலம் தேய்த்த தோளில் ஆவியை ஒரே இடத்தில் நிறுத்தாமல், மேலும் கீழுமாகக் கொண்டுபோவாள். பச்சிலை வாசனை மூக்கில் ஏறும். உள்ளே இறுகிக் கிடந்தது மெல்ல மெல்ல இளகும். முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, கம்பளித் துணியால் தோளைச் சுற்றி, “காத்து படக்கூடாது, பச்சைத்தண்ணி படக்கூடாது,” என்று தினமும் சொல்லி அனுப்புவாள்.

கை காது வரைக்கும் ஏறும். பாண்டீஸ்வரிக்கு மனசு நிறைந்துபோகும். அப்படியே மில் வேனைப் பிடித்து வேலைக்குப் போவாள்.

மறுநாள் காலையில் பார்த்தால், பழைய குருடி கதவைத் திறடி! கை மறுபடி தோளோடு நின்றுவிடும். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஸாவித்ரிக்குக் கோபம் வந்தது.

“ஏம்மா, கொடம் தூக்கறியா? காத்தாடிக்கு அடியில படுக்கறியா? எங்கிட்ட மறைக்காதே.”

“இல்லக்கா! ஆண்டாளம்மா சத்தியமா இல்ல! வீட்ல ஃபேனே போடல. எங்க வீட்டுக்காரர் புழுக்கத்துல என்னைத் திட்டித் தீக்காவ.”

ஞாயிற்றுக்கிழமை மில் லீவு முடிந்து திங்கட்கிழமை வந்தபோதுதான் அதிசயம். முந்தின நாள் ஆவியில் இளகிய கை இளகியபடியே இருந்தது. ஸாவித்ரி குக்கரை அடுப்பில் ஏற்றவே இல்லை, ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“லீவன்னைக்கு நல்லா இருக்கு, வேலைக்குப் போனா இறுகறது. மில்லுல என்ன பண்றே? உள்ளே நுழையறதுலேர்ந்து ஒண்ணொண்ணா சொல்லு.”

பாண்டீஸ்வரி சொல்லிக்கொண்டே போனாள். கம்பளித் துணியை அவிழ்ப்பதே இல்லை. மெஷின் பக்கம் ஒரே வெக்கை, காற்றே கிடையாது. பொறவு சாப்பாட்டு நேரம்.

“சாப்பிடப் போறதுக்கு முன்னால ஏர் அடிச்சுக்கிடுவோம்.”

“என்னது?”

“மேலெல்லாம் பஞ்சு அப்பியிருக்கும்லக்கா? மெஷின் தொடைக்க கம்ப்ரஸர் பைப் இருக்கு. அதுல ஒருத்திக்கு ஒருத்தி ஊதி விட்டுக்கிடுவோம். வீட்டுக்குப் போகும்போதும் அப்படித்தான். எங்கூட மெஷின் ஓட்டுத பெத்தம்மா மதினி என் தோள்ல மட்டும் துணியை வெலக்கிட்டு ரொம்ப நேரம் புடிப்பாவ. நாந்தான் கேப்பேன். ஜிலுஜிலுன்னு வலிக்கு எம்புட்டு எதமா இருக்கும் தெரியுமா…”

சொல்லும்போதே அவளுக்கு உறைத்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அடிப்பாவி!” என்றாள் ஸாவித்ரி. “நான் காலம்பற தீமூட்டிக் கரைக்கறதை, நீ மத்தியானம் காத்தை வெச்சு உறைய வெச்சுண்டு வரியா?”

மில்லில் இருக்கிறவளுக்கு அது காற்றே இல்லை, விளக்குமாறு மாதிரி ஒரு சாமான். காற்று என்றால் ஃபேன், ஜன்னல், பஸ். அவள் என்ன கண்டாள்? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள்தான் மிச்சம் இருந்தது. பாண்டீஸ்வரி தன்னைத்தானே திட்டிக்கொண்டு வேன் ஏறினாள்.

அன்று மத்தியானம் பைப்போடு வந்த பெத்தம்மாளிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். “மதினி, பக்கத்துல வந்திராதீக.”

“ஏட்டி, பஞ்சோடயா சோறு திம்ப?”

“திங்கேன்.”

தின்றாள். குழம்பிலும் பஞ்சு, தொண்டையிலும் பஞ்சு. சாயங்கால வேனில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. புருவமெல்லாம் வெள்ளை பூத்து, கழுத்து நமைச்சல் எடுக்க, கம்பளித் துணிக்குள் தோள் வெந்தது. வாசலில் பார்த்த அவள் புருஷன் முத்துக்குமரன், “மில்லுல இருந்து வாரியா, இல்ல மெத்தைக்குள்ள இருந்து வாரியா?” என்று கேட்டான். சிரித்தாலும், வெந்நீர் போட்டு வைத்தவனும் அவன்தான். குளித்துவிட்டு, ஸாவித்ரி சொல்லிக்கொடுத்தபடி சுவரில் விரல்களால் மேலே மேலே ஏறினாள். கண்ணில் நீர் கட்டியது. “ஏறுட்டி, ஏறு,” என்று தன் கையை அதட்டினாள். நாளுக்கு நாள் விரல்கள் உயரப் போயின.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்தார், பின்னாலேயே கௌதம்ராஜ். சுற்றியிருந்த மெஷின்களிலிருந்து பிள்ளைகள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பாண்டீஸ்வரி பாபினை வலது கையில் எடுத்தாள். தோள் தாண்டியது. காது தாண்டியது. அதற்கு மேல் உள்ளே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கால்விரலில் எக்காமல், கையையே நீட்டினாள். பாபின் கொக்கியில் போய் உட்கார்ந்தது. அதே வேகத்தில் குனிந்து இழையை ஒட்டினாள். மேனேஜர் தலையாட்டிவிட்டு அடுத்த மெஷினுக்கு நடந்தார்.

பாண்டீஸ்வரி நிமிர்ந்தாள். வலது கையை மறுபடியும் தூக்கி, மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

“அக்கா, அதான் பாத்துட்டாருல்ல? வலிக்கப் போவுது, கையை எறக்குங்க,” என்றான் கௌதம்ராஜ்.

“நீ போ தம்பி,” என்றாள் அவள், கண்ணைத் துடைக்காமலே. “எம்புட்டு நாளா கீழயே கெடந்த கை. செத்த நேரம் மேல நிக்கட்டும்.”