கீழ் அம்பு

"அம்மா, அப்பாவுக்குத் தண்ணி குடிக்க மறந்து போச்சா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் வாயோரம் தண்ணீர் வழிந்து தலையணை நனைந்துகொண்டிருந்தது.

நூலகத்தில் புத்தகங்களை வகைபிரித்து அடுக்கும் அம்மா அன்றிரவே கணினிமுன் உட்கார்ந்தாள். இணையத்தில் தேடினாள். அவளுடைய தேடுதளத்தில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் இரண்டு அம்புகள் இருக்கும். நல்லதை மேலே ஏற்றலாம், ஆகாததைக் கீழே இறக்கலாம். பிடித்த பக்கம் தனக்கு மட்டும் முதலில் வரும்படியும் வைத்துக்கொள்ளலாம். பல வருடம் பொறுப்பாக ஓட்டுப் போட்டவள் என்று அவள் ஓட்டுக்கு நூறு பேரின் கனம் கொடுத்திருந்தார்கள்.

அன்று கிடைத்தது ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரின் பக்கம். தண்ணீரை எப்படிக் கெட்டியாக்குவது, தலையை எவ்வளவு குனியவைப்பது, ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவே எவ்வளவு பொறுப்பது என்று அருகில் உட்கார்ந்து சொல்வதுபோல் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தை முதலில் வரும்படி வைத்தாள். அந்தப் புண்ணியவதியின் தயவில் கணவருக்கு மேலும் பதினான்கு மாதம் தண்ணீர் இறங்கியது.

அவர் போன பிறகும் அந்தப் பக்கமே முதலில் வந்து நின்றது. மகளின் இருமலுக்குத் தேடினாலும் அதுதான். ஒருநாள் தாங்காமல் கீழ் அம்பை அழுத்தினாள். தனக்கென்று வைத்த பக்கம்தானே, தன் கண்ணுக்குத்தான் மறைத்தோம் என்று நினைத்தாள்.

ஒரு வருடம் கழித்து, கீழ்வீட்டுத் தையல்காரர் படியில் எதிர்ப்பட்டார். இளைத்துப்போய்விட்டீர்களே என்றாள். ஊருக்கெல்லாம் அளவெடுப்பவனுக்குத் தன் சட்டைதான் தொளதொளக்கிறது என்று சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. பக்கவாதம் வந்த அண்ணனுக்கு டம்ளரில் தண்ணீர் கொடுத்திருக்கிறார். புரையேறி, நுரையீரலில் இறங்கி, அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"தேடினேன்மா. பத்துப் பக்கம் தள்ளிப் பாத்தேன். மருந்து விக்கிறவன்தான் வந்தான். எப்படிக் குடுக்கணும்னு ஒருத்தரும் சொல்லல."

மூன்றாம் நாள் அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

நூறு பேரின் கனமுள்ள தன் கீழ் அம்புதான் அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் அடியில் தள்ளியது என்று தையல்காரரிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவள் மனம் இலேசாகும். அவர் மனம் இன்னும் கனக்கும்.

இழவுவீட்டிலிருந்து திரும்பியதும் கணினிமுன் உட்கார்ந்து கீழ் அம்பை எடுத்தாள், மேல் அம்பை அழுத்தினாள். போதவில்லை. எந்தச் சொற்களுக்கு ஒரு பக்கம் வரவேண்டும் என்று பயனர்கள் சேர்க்கவும் அந்தத் தளத்தில் வழியுண்டு. பயந்துபோனவர்கள் எப்படியெல்லாம் தேடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். 'தண்ணி இறங்கல.' 'வாயில் நிக்குது.' 'குடிச்சா இருமல்.' ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். சேர்த்தவர் பெயர் கேட்ட கட்டத்தை வெறுமையாக விட்டாள்.