ஐந்தாவது ஏன்

கண்டியில் தேயிலைப் பைக்கட் போடும் அந்தக் கம்பெனியின் கூட்ட அறையைக் காலையிலேயே சாத்திவிட்டார்கள். முகாமையாளர்களுக்குப் பிரச்சினை தீர்க்கப் பழக்கும் வகுப்பு. கைபேசிகளையும் வாங்கி வைத்தாயிற்று. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். தரப் பகுதி முகாமையாளர் நிரோஷா மட்டும் எதிரே பார்க்காமலிருக்கப் பாடுபட்டாள்.

எதிர்க் கதிரையில் களஞ்சிய முகாமையாளர் மோகனராஜ். போன மாதம்தான் இருவரும் பதிவுத் திருமணம் செய்திருந்தார்கள். கோயில் கல்யாணம் தையில். அதுவரை கம்பெனியில் மூச்சு விடக்கூடாது. புருஷனும் பெண்சாதியும் ஒரே இடத்தில் முகாமையாளர்களாக இருக்கக்கூடாதென்பது விதி. தெரியவந்தால் ஒருவர் கொழும்புக்குப் போயே ஆக வேண்டும்.

பேராதனையிலிருந்து வந்த பயிற்றுநர் முனாப், நிரோஷாவைத்தான் எழுந்து நிற்கச் சொன்னார். "ஒரு பிரச்சினய எடுங்க மிஸ். ஏன், ஏன்டு அஞ்சு தரம் கேட்டா வேர் தன்னால வெளிய வரும்."

வாசலோரம் இருந்த பொது முகாமையாளர் ராஜலிங்கம், "திங்கட்கிழமையில லொறி லேட்டாகுதே, அதையே எடுங்க. மோகன் பதில் சொல்லட்டும்" என்றார்.

நிரோஷாவுக்கு வேறு வழியில்லை. "லொறி ஏன் லேட்டு?"

"பெட்டி நேரத்துக்கு ஏத்துறதில்ல."

"ஏன்?"

"ஸ்டோர்ஸ் லேட்டாத்தான் தொறக்குது."

"அது ஏன்?" அவள் குரல் இறங்கியது.

"சாவி என்கிட்ட. என் பஸ் லேட்டு."

"பஸ் ஏன்..."

"ஹுன்னஸ்கிரியவுல இருந்துல்ல வரணும்!" பொய் பழகாத வாய்.

கணக்குப் பகுதி ருஷ்தி விழித்துக்கொண்டான். "நீ கலகெதர ஆள்தானே மச்சான்?"

ஹுன்னஸ்கிரிய நிரோஷாவின் ஊர். சனியும் ஞாயிறும் அவன் அங்கேதான். இன்னொரு கேள்வி கேட்டால் எல்லாம் முடிந்தது. கேட்காமல் உட்காரவும் முடியவில்லை.

"அஞ்சாவது ஏன் மிஸ்!" முனாப் உற்சாகமானார். "பொலிஸ் மாதிரி அதட்டாம, மரியாதயா கேளுங்க."

"ஏங்க..." என்றாள்.

கேள்வியாகத்தான் கேட்க நினைத்தாள். பதற்றத்தில் நாக்கு வீட்டு வழக்கத்துக்குப் போய்விட்டது.

"என்னம்மா?" என்றான் மோகனராஜ்.

ருஷ்தி மேசையில் அடித்தான். "அடப் பாவிகளா! இது ஊட்டுல பேசுற பேச்சு!"

தூங்கியவர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எப்போது கல்யாணம், ஏன் சொல்லவில்லை என்று நாலு பக்கமும் கேள்வி. சாவியை வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்றார் ஒருவர், விதியில் மாட்டாமலிருக்க அவளை இரவு ஷிஃப்டுக்கு மாற்றலாம் என்றார் இன்னொருவர். முனாபுக்கு அவ்வளவு நல்ல வகுப்பு வாழ்நாளில் அமைந்திருக்காது.

ராஜலிங்கமும் சிரித்தார். "சந்தோஷம்மா. ஆனா விதி நான் போட்டதில்ல. கொழும்புக்கு யாரு?"

"நான்" என்றான் மோகனராஜ் சட்டென்று.

நிரோஷாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம? அங்க தனியா என்னத்தச் சாப்பிடுவீங்க? நான் போறேன்."

"நீ சும்மா இரு. உன்னைய அனுப்பிட்டு நான் இங்க என்ன செய்ய?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பேரச் சொல்லுங்க" என்றார் ராஜலிங்கம்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மேசையைப் பார்த்தான். சுற்றிலும் எல்லோரும் முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தார்கள். கதவைத் திறக்க ஒருவருக்கும் அவசரமில்லை.