சுவரில் ஏறிய டேலியா

துணி அலமாரியை இழுத்ததும் ஹில்டா ஓரடி பின்வாங்கினாள். பின்னாலிருந்த சுவர் இடுப்பளவுக்குக் கறுத்துக் கிடந்தது. தொட்டாள்; தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி பூச்சு விரலோடு உள்ளே போனது. அலமாரியில் தொங்கிய, தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டின் முதுகெல்லாம் பூஞ்சணம்.

வெளியே ஓடினாள். ஷெஃபீல்டு ஊரின் ஓயாத மழை போதாதென்று, எல்லையிலிருந்த அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தை ஒட்டிப் பக்கத்து வீட்டு நார்மன் மண்ணைக் குவித்து டேலியாப் பூச்செடி வளர்த்திருந்தார். தரை ஈரம் மேலே ஏறாமலிருக்கச் செங்கல்லுக்கு நடுவே வைத்த கருந்தகடு அந்த மண்ணுக்கடியில் புதைந்தே போயிருந்தது.

"நார்மன்! என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? அடுத்தவங்க வீட்டுச் சுவத்துலயா மண்ணைக் கொட்டுவாங்க?"

அந்தத் தெருவில் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நார்மனின் முகம் வெளுத்தது.

"நீங்கதானே சொன்னீங்க, ஹில்டா? போன கோடையில, இதே வேலியோரம். 'பூ அற்புதம், ஜன்னல்லேருந்து நுனி மட்டுந்தான் தெரியுது'ன்னு. அதான் உங்களுக்காக மண்ணை இன்னும் ரெண்டடி ஒசத்தினேன்."

டேலியா என்றாலே அவளுக்கு ஆகாது. வேலியோரம் ஆளைப் பார்த்தால் மழையைப் பற்றி ஒரு வார்த்தை, பூவைப் பற்றி ஒரு வார்த்தை; எல்லாரும் சொல்வதைத்தான் அவளும் சொல்லிவைத்தாள்.

"பிடிக்கலேன்னா இப்பவே வெட்டிடறேன்," என்றார் நார்மன்.

இப்போதாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தாள்.

"ஐயோ, வெட்டாதீங்க! ரொம்ப அழகா இருக்கு!"