இத்ரீசின் திட்டு

இரு பேராறுகள் தத்தம் பெயரைத் துறந்து ஒன்றாய்க் கலந்து, ஷத்துல் அரபு என்னும் புதுப்பெயர் பூண்டு, இருகரையிலும் பேரீச்சந்தோப்புகள் நிழல் விரிக்கத் தெற்கே உப்புக்கடலைத் தேடிச் செல்லும் அந்நீர்வெளியில், கோடைப் பகல் சாயத் தொடங்கிய வேளை அது. கடலோதம் ஆற்றை எதிர்த்து மேலேறி வர, தோப்புகளுக்குள் ஓடும் சிறுகால்கள் யாவும் நிரம்பிப் பேரீச்சையின் வேர் நனைத்தன. நீருண்ண இறங்கிய எருமைகள் கரையேற மனமின்றி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கிடந்தன. கிழக்குக் கரையில் மண்ணடுப்புகளில் வெந்துகொண்டிருந்த அப்பத்தின் மணத்தைக் கீழ்க்காற்று அள்ளி மேற்குக் கரைக்கு வழங்கிற்று. காற்றிடம் அன்று எவரும் உரிமப்பட்டயம் கேட்கவில்லை. நூல்நயம் அறிந்தோரே, மனிதரிடம் மட்டுமே கேட்டார்கள்.

மாகடல்களை எல்லாம் தம் வீட்டு முற்றம்போல் கடந்துவரும் பெருங்கலத்து மீகாமர்களும் அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் நின்றுவிடுவார்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அடிச்சேறு இடம் மாற, நேற்று கலம் சென்ற வழியில் இன்று கொக்கு நிற்கும் ஆறு அது. ஆகவே, உரிமம் பெற்ற நீகான் ஒருவன் ஏறி நின்று வழி சொன்னாலன்றி எந்தக் கலமும் உள்ளே நுழையலாகாது என்பது அங்கே நெடுநாளைய விதி. அவ்வுரிமம் எளிதில் கிட்டுவதன்று. மூத்த நீகான்கள் மூவர் முன்னே நின்று, முகத்துவாரம் தொடங்கிப் பஸ்றாத் துறைவரை உள்ள திட்டுகள் அனைத்தையும் படமின்றி, ஏடின்றி, வரிசை பிறழாமல் ஒப்பித்தல் வேண்டும். ஒவ்வொரு திட்டுக்கும் மூவருள் ஒருவர் வாய்விட்டுச் ‘சரி’ என்று சொன்ன பிறகே அடுத்ததற்குப் போகலாம். மேற்குக் கரை அபுல் கஸீபைச் சேர்ந்த ஷர்ஹானும், கிழக்குக் கரை முஹம்மராவைச் சேர்ந்த இத்ரீசும் ஒரே நாளில், ஒரே மேசையில், அம்மூவரின் வாயால் அச்சொல்லைப் பெற்றவர்கள். பட்டயம் வாங்கிய கையோடு தன் தங்கை நஜ்லாவை இத்ரீசுக்கு மணமுடித்துக் கொடுத்தான் ஷர்ஹான்.

அவ்விருவரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியது. ஒருவன் கலம் மேலேறி வர, மற்றவன் கலம் கீழிறங்கிப் போக, நடு ஆற்றில் எதிர்ப்படுகையில், புதிதாய்ச் சேறு குமிந்த இடத்தை அறிந்தவன் தன் தலைத்துணியைக் கழற்றி ஆழமுள்ள பக்கமாக நீட்டுவான். கண்டவன் தன் மார்பில் கைவைத்துக் கலத்தைத் திருப்புவான். நீட்டிய பக்கம் சரியா என்று எந்நாளும் எவனும் ஐயுற்றதில்லை. மாலையில் நஜ்லா புளியும் பூண்டும் அடைத்துச் சுட்ட சுபூர் மீன் ஒரு கூடையில், இருகரைக்கும் பால் சுமக்கும் பால்படகேறி அக்கரையிலிருந்து வரும். அதே கூடை இக்கரைப் பேரீச்சம்பழத்தோடு திரும்பிப் போகும்.

அவ்வாறிருக்கையில் இரு கரை அரசுகளுக்கும் பகை மூண்டது. கரைந்தோடும் நீரின்மேல் கோடு கிழிக்கப் புகுந்தவர்கள், கோடு நில்லாமை கண்டு, மனிதர்மேல் கிழித்தார்கள். கிழக்குத் துறைக்குச் செல்லும் கலத்தில் கிழக்குக் கரைப் பட்டயம் பெற்றவனே ஏற வேண்டும். மேற்குக்குச் செல்வதில் மேற்குக் கரையானே ஏற வேண்டும். இத்ரீஸ் தன் பழைய பட்டயத்தைத் திருப்பிக் கொடுத்து அக்கரையில் புதிது வாங்கினான். தலைத்துணி போய் முத்திரை பொறித்த தொப்பி வந்தது. நீகானின் தோளருகே கண்காணி ஒருவன் வந்து நின்றான். யாவற்றினும் கொடியதாய், ஆற்றின் ஆழத்தை அக்கரையானுக்கு அறிவிப்பவன் உரிமம் இழப்பான் என்று உறுதிமொழி வாங்கினார்கள். அக்கரையிலிருந்த தன் மைத்துனனோடு கதை பேசியதற்கே வேறொரு நீகான் பட்டயம் இழந்து மீன்சந்தையில் பனிக்கட்டி சுமந்துகொண்டிருந்தான். மணமாகாப் பெண்மக்கள் நால்வரை வீட்டில் வைத்திருந்த ஷர்ஹான் அவனைக் காணும்போதெல்லாம் வேறு தெரு வழியாகப் போனான். ஷர்ஹானைக் கோழை என்று நான் சொல்லமாட்டேன். நம்மில் எத்தனை பேர் நேர்த்தெருவில் நடந்திருப்போம்?

ஒருநாள் காலை முகத்துவாரத்தில் இருகரைப் படகுகளும் கலங்களை எதிர்நோக்கிக் காத்துக் கிடந்தன. முன்னிரவு அடித்த காற்றில் வாயிலருகே சேறு குமிந்திருந்ததை ஷர்ஹான் விடியலிலேயே ஈயக்குண்டு இறக்கி அறிந்திருந்தான். அப்போதுதான் வந்து சேர்ந்த இத்ரீஸ், பழைய பழக்கத்தில் வாய்மேல் கைகுவித்துக் கூவினான்.

“மச்சான்! வாசல்ல தண்ணி எப்படி? ராத்திரி அடிச்ச காத்துக்குச் சேறு ஏறியிருக்குமே?”

ஷர்ஹானின் படகில் உடனிருந்த நீகான் பர்ஹூத் சிரித்தான். “அக்கரை மாப்பிள்ளை கேக்குறாருல்ல, சொல்லேன்ப்பா. நாங்களும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கோம்.”

படகு முழுவதும் சிரித்தது. 

“பழையபடிதான் மச்சான்,” என்று அவன் கூவினான்.

கூவிய கையோடு, நம்பாதே என்னும் குறிப்பாக ஒரு கண்ணை மூடித் திறந்தான். ஆனால் அவன் படகு கடற்பக்கம் நின்றதால் எழுகதிர் அவன் முதுகுப்புறம் நின்று இத்ரீசின் கண்ணைக் கூசச்செய்தது. குறிப்பு போய்ச் சேரவில்லை, சொல் மட்டுமே சேர்ந்தது. இத்ரீஸ் மார்பில் கைவைத்து நன்றி காட்டிவிட்டுப் போய்த் தன் கலத்தைச் சேற்றில் ஏற்றினான். அடுத்த ஏறுநீர்வரை அது அங்கேயே குந்தியிருக்க, இருகரைப் படகுகளும் அதைச் சுற்றிவந்து எள்ளி நகைத்தன. அக்கரைத் தலைவர்கள் அவனை நிற்கவைத்து ஏசினார்கள். அன்று மாலை பால்படகில் மீன்கூடை வரவில்லை. மறுநாள் ஷர்ஹான் பேரீச்சம்பழம் நிரப்பி அனுப்பிய கூடை, ஒரு பழமும் குறையாமல் திரும்பி வந்தது.

அவ்வாரமே முப்பேரீச்சை வளைவில் ஆழம் அளந்துவருமாறு ஷர்ஹானைப் பணித்தார்கள். அங்கே நடு ஆற்றில் நின்ற கருமிதவைக்குக் கிழக்கேதான் காலங்காலமாய் ஆழம். கலங்கள் யாவும் அவ்வழியே செல்லும். அன்று கிழக்கே இறக்கிய ஈயக்குண்டு கயிறு தளர்ந்து விரைவிலேயே சேற்றில் அமர்ந்தது. திட்டு ஓசையின்றி இடம்பெயர்ந்து பழைய வழியை அடைத்துக்கொண்டிருக்க, ஆழமோ மிதவைக்கு மேற்கே புகுந்திருந்தது. ஷர்ஹான் ஓட்டமும் நடையுமாய்த் துறை அலுவலகம் சென்று, அங்கிருந்த அதிகாரியிடம் மிதவையை நகர்த்தச் சொன்னான்.

“நகர்த்தலாம்ப்பா. அது யாரோட மிதவைன்னு முதல்ல முடிவாகணும்ல? அதுக்குத்தானே ரெண்டு அரசாங்கமும் அடிச்சுக்குது?”

“ஐயா, பாரம் ஏத்துன கப்பல் அவங்களுக்கு நாளைக்கே வருது. தட்டுனா முதுகு ஒடிஞ்சிடும்.”

“நம்ம கப்பல் மேற்கால போகட்டும். அவங்க கப்பல் அவங்க பாடு. நீ தேநீரைக் குடிச்சிட்டு, தொப்பியை மாட்டிக்கிட்டுப் போ.”

அவன் தேநீரைத் தொடாமலே எழுந்தான். தொப்பியை மட்டும் மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள், இக்கதை தொடங்கிய அப்பிற்பகலில், ஷர்ஹான் சரக்கிறக்கிய வெறுங்கலமொன்றைக் கடல்நோக்கிக் கொண்டுசென்றான். முப்பேரீச்சை வளைவை நெருங்கியபோது, கழுத்தளவு பாரத்தோடு கிழக்குத் துறைக் கலம் எதிரே வந்தது. அதன் மேற்றளத்தில் இத்ரீஸ் நின்றான். ஓதம் ஏறி உச்சியில் நிற்கும் நேரம் அது. தாழ்நீரில் தட்டிய கலத்தை அடுத்த ஏற்றம் தூக்கிவிடும். உச்சநீரில் தட்டியதைத் தூக்குவார் இல்லை, நீர் வற்ற வற்ற அது தன் பாரத்தாலேயே முறியும். ஷர்ஹான் தன் கலத்தை மிதவைக்கு மேற்கே திருப்பினான். அதைக் கண்டேனும் இத்ரீஸ் உணரலாகாதா என்றால், எதிர்க்கலத்துக்கு வழிவிட ஒதுங்குகிறான் என்றே எந்த நீகானும் எண்ணுவான்.

கண்காணி அருகில் நின்றான். நான்கு பெண்மக்களின் முகங்கள் ஷர்ஹானின் மனக்கண்முன் வந்தன. பனிக்கட்டி சுமப்பவனின் முதுகும் வந்தது. எனினும் கை மேலெழுந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். கை நோக நோக மேற்கே நீட்டினான்.

“என்ன பண்றீங்க?” என்றான் கண்காணி.

“தலை வேகுது தம்பி. காத்து வாங்குறேன்.”

“காத்து கிழக்கேயிருந்துல்ல வருது?”

“எனக்கு எல்லாப் பக்கமும் வேணும்.”

இத்ரீஸ் பார்த்தான். இரு கலங்களுக்கும் இடையே ஒருவர் முகத்தை ஒருவர் அறியும் அளவே தொலைவு இருந்தது. இம்முறை கதிரவன் ஷர்ஹானின் முகத்துக்கு நேரே, இத்ரீசின் முதுகுக்குப் பின்னே. அவன் அந்த நீட்டிய கையைப் பார்த்தான், அதன் நுனியில் மின்னிய முத்திரையைப் பார்த்தான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுக்கானியிடம் ஏதோ சொன்னான். கலம் மிதவைக்குக் கிழக்கே நேராகச் சென்றது. ஷர்ஹான் வாய்விட்டு அலறினான். பொறிகளின் இரைச்சல் அவ்வலறலை விழுங்கிற்று. பெருங்கலம் ஓசையேதுமின்றி நின்றது. இறங்குநீர் அதன் பின்புறத்தைப் பற்றி ஆற்றுக்குக் குறுக்கே திருப்ப, பொழுது சாயுமுன் நடுவில் முறிந்தது. அதிலிருந்த அனைவரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். ஆனால் நீகான் ஒருவன் அந்த நடு ஆற்றோடு முடிந்துபோனான்.

அக்கரையில் ஆய்வு நடந்தது. விதிப்படி மிதவைக்குக் கிழக்கே சென்றேன் என்றான் இத்ரீஸ். மிதவையைப் பார்த்துப் போகக் கண்ணிருந்தால் போதும், உரிமம் எதற்கு, நீரை அறியத்தானே நீகான் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழையில்லை. எதிர்க்கலத்து நீகான் கைகாட்டினானாமே, உண்மையா என்று வினவினார்கள். ஆமென்று சொல்லியிருந்தால் அச்செய்தி அன்றே இக்கரையை எட்டியிருக்கும். வெயில் கண்ணில் அடித்தது, ஒன்றும் தெரியவில்லை என்றான் இத்ரீஸ். இக்கரைக் கண்காணியும் ஷர்ஹான் காற்று வாங்கியதாகவே எழுதிக் கொடுத்திருந்தான். அவன் பட்டயத்தை அவன் கண்ணெதிரேயே இரண்டாய்க் கிழித்தார்கள்.

சில நாள் சென்று, பால்படகில் மீன்கூடைக்குப் பதிலாக நஜ்லாவே வந்தாள். கரையேறவில்லை, அண்ணன் வீட்டுப் படித்துறையில் படகு ஆட, நின்றபடியே பேசினாள்.

“அண்ணே, அவரு பார்த்தாரு.”

“வெயில்னு சொன்னாராமே.”

“வெயில் அவரு முதுகுலதானே இருந்துச்சு? நீயே யோசிச்சுப் பாரு. நல்லாத்தான் பார்த்தாரு. ‘அன்னிக்கு வாயால ஏமாத்துனான், இன்னிக்குக் கையால ஏமாத்துறான்’னு நினைச்சிட்டாரு. அதான் திருப்பல.”

ஷர்ஹான் படியில் அமர்ந்துவிட்டான். “அப்புறம் ஏன்மா அங்க சொல்லல? என்னை நம்பாமத்தான் தட்டுச்சுன்னு சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உன் லைசென்ஸும் போயிடும்ல? ‘என்னுது போச்சு, உங்க அண்ணனுதாவது இருக்கட்டும். நாலு பொட்டப்புள்ளைங்க இருக்கு’ன்னாரு.” அவள் முகத்தை முக்காட்டால் துடைத்தாள். “நாங்க உள்நாட்டுப் பக்கம் போறோம், அவங்க சித்தப்பா ஊருக்கு. அங்க ஆறே இல்லையாம். அவருக்கு அதுதான் வேணுமாம்.”

“நஜ்லா, அன்னிக்கு நான் கண்ணடிச்சேன்மா. சத்தியமா.”

“அடிச்சிருப்ப அண்ணே. யாருக்குத் தெரிஞ்சுது?”

படகு திரும்பிற்று. அதன்பின் இருகரைக்கும் இடையே பால்படகுகளும் தடுக்கப்பட்டன. ஆறில்லாத அவ்வூரில் இத்ரீஸ் இறந்த செய்தி, அடக்கம் முடிந்து நெடுநாள் கழிந்தபின், வேறெவர் வழியாகவோ ஷர்ஹானின் காதுக்கு எட்டியது.

ஆண்டுகள் கழிந்தன. முறிந்த கலத்தைச் சுற்றி ஆறு தன் சேற்றைக் கொணர்ந்து குவித்து, நாணல் முளைக்கும் அளவுக்குத் திட்டை வளர்த்தது. நீகான்கள் தம் வழக்கப்படி அதற்கு ஒரு பெயரிட்டார்கள். நரைத்து மூத்த ஷர்ஹானும் அம்மேசையில் அமரும் மூவருள் ஒருவன் ஆனான். ஆண்டுதோறும் உரிமம் நாடி வருவோர் அவன் முன்னே நின்று, முகத்துவாரம் தொடங்கி ஒப்பித்துக்கொண்டே வந்து, முப்பேரீச்சை வளைவை அடைவார்கள்.

“மிதவைக்குக் கிழக்கே, இத்ரீசின் திட்டு,” என்பார்கள். பெயர்க்காரணமும் சொல்லவேண்டும் என்பது விதியாகையால், தொடர்ந்து, “ஆழம் தெரியாத அக்கரை நீகான் ஒருவன் கப்பலை ஏத்துன இடம்,” என்று சொல்லி நிறுத்தி, ஷர்ஹானின் முகத்தை ஆவலோடு நோக்குவார்கள்.

மற்ற திட்டுகளுக்கு உடனமர்ந்த இருவரும் மாறிமாறிச் ‘சரி’ சொல்வார்கள். அந்த ஒரு திட்டுக்கு மட்டும், அது உன் வீட்டுப்பக்கம்தானே என்று சொல்லி, அவன் பக்கம் திரும்பிவிடுவார்கள். அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவன் நெஞ்சு, இத்ரீஸ் ஆழம் அறியாதவன் அல்லன், முகத்துவாரத்தில் அவனிடம் பொய் சொன்னவன் நான், அத்திட்டுக்கு உரிய பெயர் என் பெயர் என்று கூவும். சாளரத்துக்கு அப்பால், யாருடையது என்று இன்னும் முடிவாகாத கருமிதவை பழைய இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். அடுத்த திட்டுக்குப் போகமுடியாமல் எதிரே நிற்பவன் காத்திருப்பான், உடனமர்ந்தவர்கள் இருமுவார்கள்.

“சரி,” என்பான் ஷர்ஹான்.