ரத்னாவின் ஒரே சொல்

மயிலாப்பூரில் இஸ்திரி என்ற சொல்லுக்குச் சத்தம் நின்றுபோனது 1928-ஆம் வருஷம், ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விளக்கு வைக்கிற நேரத்தில். அதற்கு முன்பே ஜன்னல் போயிருந்தது, சாவி போயிருந்தது, அலமாரியும் மேஜையும் ஒரே வாரத்தில் போயிருந்தன. பொருள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்று வழக்கம்போல் வந்தது, பூட்டு வழக்கம்போல் திறந்தது. பெயரைச் சொன்னால் மட்டும் வாய் அசையும், சத்தம் வராது. முதலில் ஊரார் தொண்டைக்கட்டு என்று நினைத்துச் சுக்குக் கஷாயம் குடித்துப் பார்த்தார்கள். பிறகுதான் காரணம் தெரிந்தது. தெற்கு மாட வீதியில் கூடுகிற சொல்லாய்வுச் சபையார் ஒரு சொல்லைத் தள்ளி மணியடித்தால், கிழக்கே கடல் வரைக்கும் தெற்கே அடையாற்றுப் பாலத்தின் நடு வரைக்கும் அந்தச் சொல் ஊமையாகிவிடும். சபையாருக்கே இது முதலில் ஆச்சரியமாக இருந்தது, பிறகு பெருமையாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தலைவர் பஞ்சாட்சரம் ஒரு சொல்லை வாசிப்பார். பழைய செய்யுள் ஏதாவதில் அது இருப்பதாக யாராவது காட்டினால் சொல் பிழைத்தது. காட்டாவிட்டால் மணி. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே கிடையாது. ரகுபதி என்ற அங்கத்தினர் ஒரு சனிக்கிழமை சபைக்கு வக்கீலாக வந்து வழக்கறிஞராக வீடு திரும்பினார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இஸ்திரிக்குச் செய்யுள் காட்ட ஆளில்லை. அதற்குப் பதிலாகச் சுருக்கநீக்கி என்று ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். மடிப்புக் கலையாத அங்கவஸ்திரங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துதான் கொடுத்தார்கள்.

அந்த அங்கவஸ்திரங்களைத் தேய்த்துக் கொடுத்தவள் முத்தம்மா. மந்தைவெளி முக்கில் பூவரச மரத்தடியில் பலகை போட்டு, கரிப்பெட்டியை வைத்துக்கொண்டு நின்றே காலம் தள்ளுகிறவள். புருஷன் ரங்கூனுக்குக் கப்பலேறியவன், போனவன் போனவன்தான். சுருக்கநீக்கி என்று சொல்வதில் முத்தம்மாவுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு எந்தப் பேரைச் சொன்னால் என்ன? அவள் தலையில் இடி விழுந்தது வேறு விதத்தில். அவள் மகள் ரத்னாவுக்கு அப்போது ஏழு வயசு. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையின் வாயில் வந்தது இஸ்திரி என்ற ஒரே சொல்தான்.

பசித்தால் இஸ்திரி. தூக்கம் வந்தால் இழுத்து, ராகம் போட்டு ஓர் இஸ்திரி. நாய் துரத்தினால் அதுதான், மழை வந்தால் அதுதான். அம்மாவைக் கூப்பிடவும் அதுதான், அம்மாமேல் கோபம் வந்தால் திட்டவும் அதுதான். கரிப்பெட்டியைப் பார்த்து மட்டும் அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. முத்தம்மாவுக்கு இதில் ஒரு தடவைகூடக் குழப்பம் வந்தது கிடையாது. அக்கம்பக்கத்தார் பாவம் என்று உச்சுக்கொட்டும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பெண் பேசுகிறாள், உங்களுக்குக் காது இல்லையென்றால் நான் என்ன செய்ய என்பாள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ரத்னாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் புரியும். ஆனால் துணி தேய்க்கிறவள் எந்நேரமும் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? ஒரு மத்தியானம் முழுக்க ரத்னா காலில் முள்ளோடு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். முத்தம்மா திரும்பியபோது குழந்தையின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்து கோடாகியிருந்தது, உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. முத்தம்மா முள்ளை எடுத்துவிட்டு, கரியைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டு, தெருவென்றும் பாராமல் உட்கார்ந்து அழுதாள்.

பாலத்தின் நடுவைத் தாண்டினால் சத்தம் வருமென்று யாரோ சொன்னார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். மெய்தான், நடுவைத் தாண்டியதும் இஸ்திரி என்று ரத்னா அலறினாள், அலறிவிட்டுத் தன் சத்தத்தைக் கேட்டுத் தானே சிரித்தாள். அந்தக் கரையிலேயே குடிசை போட்டுக்கொள் என்று எல்லாரும் புத்தி சொன்னார்கள். கால்வாய்க்கரை ஆட்கள் சிலர் ஜன்னல் என்று சொல்வதற்காகவே, சபையின் மணி எட்டாத மாம்பலத்துப் புது நகர்ப் பக்கம் குடிபோயிருந்தார்கள். முத்தம்மா பாலத்திலேயே நின்று ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வந்த வழியே திரும்பி நடந்தாள். எடுத்தவர்கள் இக்கரையில் இருக்கும்போது நான் ஏன் அக்கரைக்குப் போக வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு.

அடுத்த சனிக்கிழமை மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்கே போய்விட்டாள்.

"ஐயா, எம் பொண்ணு வார்த்தைய எடுத்துக்கினீங்க. குடுத்துடுங்க."

எந்தச் சொல் என்று கேட்டார் பஞ்சாட்சரம். அவள் வாய் அசைந்தது. ரகுபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பஞ்சாட்சரத்துக்கு வரவில்லை. அவர் அவள் உதட்டின் வடிவத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, உன் மகள் அதை என்ன பொருளில் வழங்குகிறாள் என்று மரியாதையாக விசாரித்தார். முத்தம்மா பசியிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள்.

"ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எந்த நூலிலும் இல்லை, அம்மா. பொருளை முடிவு செய்வது கற்றவர் வழக்கு."

"அவ சொன்னா எனக்கு வெளங்குது. நான் சொன்னா அவளுக்கு வெளங்குது. இதுல மூணாவது ஆளு எங்க வந்தாரு?"

பஞ்சாட்சரம் சபையின் ஏட்டைப் புரட்டினார். விதியைச் சொன்னார். தள்ளிய சொல் திரும்ப வேண்டுமானால், சபை கூடியிருக்கையில் ஓர் அங்கத்தினர் அதைப் பேச்சில் வழங்க வேண்டும், இன்னோர் அங்கத்தினர் பொருள் கேளாமல் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். சத்தமில்லாத சொல்லை எவன் வழங்கப்போகிறான் என்ற தைரியத்தில் எழுதிய விதி அது. வழங்க வேண்டும், புரிய வேண்டும் என்று எழுதியவர்கள் காதில் விழ வேண்டும் என்று எழுத மறந்திருந்தார்கள். நாளெல்லாம் ஏட்டோடு கிடப்பவர்களுக்குத்தான் இப்படி ஒரு மறதி வரும்.

"உங்க வாய்ல வந்தா போதுமா?" என்றாள் முத்தம்மா.

"போதும்."

"அப்ப சரி" என்று மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதலில் போனது கச்சேரி ரோட்டில் ஜமீலுன்னிசா வீட்டுக்கு. தேய்க்க வாடிக்கையாகத் துணி கொடுக்கிறவள்தான். விஷயத்தைச் சொல்லி, ரத்னாவின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள். "எங்க பக்கத்து உருது வார்த்தைன்னு எங்க மாமு சொல்வாரு" என்றாள் ஜமீலுன்னிசா, "ஆனா இந்தப் பொண்ணு பேசறது அவர் பாஷையும் இல்லே, உன் பாஷையும் இல்லே. நல்லாத்தான் கீது, நானும் சொல்றேன்." அன்றைக்கே, திரைக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருந்த புருஷனைத் திரையிடுக்கில் முகம் காட்டி, உதட்டை அசைத்தே உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் எழுந்து வந்தார்.

அப்புறம் என்ன, ஊமைச் சொல்லின் சௌகரியம் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. மாமியார் முன்னால் மருமகள்கள் சொல்லிக்கொண்டார்கள். ஜட்கா ஓட்டுகிற பீர் முஹம்மது கஞ்சத்தனமான சவாரி வருகிறதென்று மற்ற வண்டிக்காரர்களுக்கு எச்சரிக்கை செய்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியார் கண்ணெதிரே சொன்னார்கள், கச்சேரிகளில் பாட்டு நீண்டுகொண்டே போனால் ரசிகர்கள் சொன்னார்கள். உப்புக் காய்ச்சிய வருஷத்தில் கடற்கரையில் தொண்டர்கள் போலீஸ்காரர்களுக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு கலைந்தார்கள், எந்தச் சட்டத்திலும் அதைப் பிடிக்க முடியவில்லை. வா என்பதற்கும் அதுதான், போதும் என்பதற்கும் அதுதான், பார்த்து என்பதற்கும் அதுதான். யாரும் யாரையும் என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. முத்தம்மா வெயில், மழை பாராமல் வீடு வீடாக மூட்டையோடு ரத்னாவையும் கொண்டுபோனாள். ஒரு காலத்தில் அம்மாவைத் தவிரப் பேச ஆளில்லாத பெண்ணுக்கு இப்போது பேசிமுடிக்க நேரம் போதவில்லை. ஆனாலும் முதுகு திரும்பினால் முத்தம்மாவுக்கு மகள் இல்லை. அதனால் அவள் ஓயவில்லை.

அவள் கண் வைத்திருந்த வீடு பஞ்சாட்சரத்துடையது. அவர் மனைவி நீரஜாவிடம் காரணத்தை மறைக்காமல் சொல்லித்தான் கேட்டாள். நீரஜா சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஈரத் தரையில் கணவர் கால் வைக்கப்போனால் இஸ்திரி, சூடான பாலைத் தொடப்போனால் இஸ்திரி. அவர் ஏட்டிலிருந்து தலையை முழுக்கத் தூக்காமலே காலை இழுத்துக்கொள்வார், கையை எடுத்துக்கொள்வார். தான் ஒரு சொல்லுக்குக் கட்டுப்படுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

1931-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சபை கூடியிருந்தது. ரகுபதி தாமதமாக வந்து, பஞ்சாட்சரத்தைப் பார்த்துக் கும்பிட்டபடியே தம் நாற்காலியில் உட்காரப்போனார். நாற்காலியில் கருந்தேள் ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு இருந்தது. பஞ்சாட்சரத்தின் வாய் அசைந்தது. ரகுபதி சுட்டதுபோல் துள்ளி நகர்ந்தார். தேளை அடித்து வெளியே போட்ட பிறகுதான் சபையில் ஒவ்வொருவராக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்றார் ரகுபதி.

"பிறகு ஏன் துள்ளினீர்?" என்றார் பஞ்சாட்சரம்.

மறைத்திருந்தால் மறைந்திருக்கும், சாட்சிக்கு ஒரு சத்தம்கூட இல்லை. பஞ்சாட்சரம் எழுந்து, தள்ளிய சொல் திரும்பிவிட்டதென்று தாமே மணியை அடித்தார்.

முத்தம்மா அப்போது பூவரச மரத்தடியில் ஒரு வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், முதுகுக்குச் சமீபத்தில், இஸ்திரி என்று கேட்டது. திரும்பினாள், யாருமில்லை. ரத்னா எதிரே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டது, அழுகையோடு. இரண்டரை வருஷமாக மயிலாப்பூரில் ஊமையாய்ச் சொன்னதெல்லாம், எங்கெங்கே சொன்னார்களோ அங்கங்கே, சொன்ன வரிசையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. மாட வீதிகளில், கச்சேரி ரோட்டில், சாந்தோம் கடற்கரையில் எல்லாம் ஒரே இஸ்திரி. மாமியார்கள் மருமகள்களைத் திரும்பிப் பார்த்தார்கள், கடைக்காரர்கள் தராசைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முத்தம்மாவின் மரத்தடியில் மற்ற எந்தக் குரலும் இல்லை. எல்லாம் ரத்னாவுடையது, எல்லாம் முதுகுப் பக்கமிருந்து, அவள் பார்க்காதபோது சொன்னவை.

முத்தம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முள் குத்தியதற்கு, "இன்னாம்மா, காட்டு" என்றாள். பசிக்கு, "தோ வரேன்" என்றாள். நாய்க்குப் பயந்ததற்கு, "நான் கீறேன்டி" என்றாள். சும்மா கூப்பிட்டதற்கும் ஒவ்வொன்றாக, "இன்னா கண்ணு, இன்னா கண்ணு" என்று, விட்டுப்போனது ஒன்றுகூட இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். கரி சாம்பலாயிற்று, வெயில் சாய்ந்தது. துணிக்காக வந்தவர்கள் ஓரமாக நின்றுகொண்டார்கள்.

கடைசியாக ஒன்று எதிரிலிருந்து வந்தது. அது புதுசு.

"இஸ்திரி" என்றாள் ரத்னா.

"ஆமாண்டி, எனக்கும்தான் பசிக்குது" என்று முத்தம்மா கஞ்சிக் கலயத்தை எடுத்தாள்.