காந்தம் ஒட்டிய இடம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்மீது ஆசை கொண்டோரில் பெரும்பாலோர் படம் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்வர். மருந்துக்கடைக்காரியும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தாள். கைக்கெட்டும் விலையில் இப்போது ஒன்று அமைந்ததற்குக் காரணம், அதன் உடல் தகரமன்று, ஃபைபர் என்பதே. பெரிய சேகரிப்பாளர்கள் ஃபைபர் என்றாலே முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பில்தான் அவளைப் போன்ற புதியவர்களுக்கு வழி பிறக்கிறது.

இரண்டே இருக்கை, மடக்குக் கூரை, மஞ்சள் நிறம். உரிமையாளர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். விலையில் அவர் கறாரில்லை; வாங்க வருகிறவரிடத்தில்தான் கறார். டயரை உதைத்துப் பார்த்தவரையும், சிவப்புச் சாயம் அடிக்கப்போவதாகச் சொன்னவரையும் வந்த வழியே அனுப்பியிருந்தார். ஆகவே தம்பியை எச்சரித்தே அழைத்து வந்திருந்தாள்.

"நீ வாயே தொறக்காத. சும்மா கூட நில்லு, போதும்."

வாயைப் பற்றித்தானே சொன்னாள், கையைப் பற்றி இல்லையே! மருத்துவர் எஞ்சின் மூடியைத் தூக்கி அவளுக்கு உள்ளே காட்டிக்கொண்டிருந்தபோது, தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவில் வைத்தான். விழுந்தது. பின்புறம் வைத்தான். அங்கும் விழுந்தது. துருப்பிடித்த தகரத்தைப் பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் ஒட்டாது என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தான்.

"அக்கா, ஏமாந்துடாத! வண்டி முழுக்கப் பட்டி!"

"ஃபைபர் வண்டிடா, மக்கு! வர்ற வழியெல்லாம் அதத்தானே சொன்னேன்?"

"நான் காதுல பாட்டு போட்டிருந்தேன்."

மருத்துவர் மூடியை மெதுவாக இறக்கினார். "என்னைச் சந்தேகப்படுறவங்களுக்கு இதக் குடுக்க மாட்டேன்மா. கிளம்புங்க."

காருக்காக வீட்டுக் கொட்டகையைக் காலி செய்து, தரையைக் கழுவிவிட்டு வந்திருந்தவள் அவருக்கு முன்னால் போய் நின்றாள். "டாக்டர், இவன் பண்ண கூத்துக்கு என்னைத் தண்டிக்காதீங்க."

"வாங்கின நாள்லருந்து ஒரு கீறல் உண்டா இதுல?" அவருடைய குரல் உயர்ந்தது. "எங்க வேணா வச்சுப் பாரு தம்பி! ஒரே ஒரு இடத்துல ஒட்டட்டும், இப்பவே உங்கக்கா கையில சாவியக் குடுக்கறேன்!"

தம்பி உற்சாகமாக முன்பக்கம் நகர்ந்தான். வாசற்படியில் நின்றிருந்த மருத்துவரின் மனைவி பதறினார்.

"அங்க வேணாம்பா!"

டக்கென்ற ஓசை. இடது முன்சக்கரத்துக்கு மேலே காந்தம் அட்டைபோல் ஒட்டிக்கொண்டது.

எல்லாருடைய பார்வையும் வாசற்படிக்குத் திரும்பியது.

"நீங்க மாநாட்டுக்குப் போயிருந்தீங்க," என்றார் அந்த அம்மாள். "ஆசையா இருந்துச்சு, எடுத்தேன். வாசல் கேட் தூண் குறுக்க வந்துடுச்சு."

"தூண் எப்படிடி குறுக்க வரும்?"

"வந்துச்சே! தண்ணித்தொட்டி பத்தவைக்கிறவரக் கூப்பிட்டுத் தகரத்துல ஒட்டுப் போட்டேன். ஃபைபர்னு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"வர்றவங்ககிட்டல்லாம் அந்த இடத்தத்தானே தடவிக்காட்டிப் பெருமை பேசினேன்!"

"அதனாலதான் சொல்ல வாய் வரல."

மருத்துவர் மண்டியிட்டார். விரல் கணுவால் அவ்விடத்தைத் தட்டினார்; காதை வைத்துக் கேட்டார்; விளிம்பை நகத்தால் நெருடினார். அவருடைய முகத்திலிருந்த கோபம் இடம் தெரியாமல் போயிற்று.

"நல்ல ஃபில்லிங்," என்றார்.

எழுந்து மருந்துக்கடைக்காரியைப் பார்த்தார். "ஒட்டுப் போட்ட வண்டிம்மா. இன்னும் வேணுமா?"

"இப்பத்தான் டாக்டர் ரொம்ப வேணும். கீறலே இல்லாத வண்டின்னா தொடவே பயந்திருப்பேன். முதல் இடி என் கணக்குல இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே."

அவர் சிரித்துவிட்டார், சொன்ன சொல் தவறாமல் சாவியை எடுத்து நீட்டினார். அது அவளுடைய கைக்கு வருமுன் வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, போறதுக்கு முன்னால ஒரே ஒரு சுத்து நான் ஓட்டிக்கட்டுமா?"

மருந்துக்கடைக்காரி தலையசைத்தாள். மருத்துவர் ஓடிப்போய்த் தூணை மறைத்துக்கொண்டு நின்றார்.