தியானிரா பெயரில் ஒரு கடையும் இல்லை

சுற்றுலாப் பேருந்து நிற்கும்போது பிரேக்கில் அடைபட்டிருந்த காற்று 'புஸ்'ஸென்று வெளியே போகும். கீழே கடலோர ஊரில், என் ஓரகத்தி எவாந்தியாவின் விடுதிக்கு முன்னால் எழும் அந்தச் சத்தம், காற்று எங்கள் பக்கம் வீசினால், மலைமேல் இருக்கும் எங்கள் ஆலிவ் எண்ணெய் ஆலைவரை கேட்கும். போன வருஷக் கோடையில் ஒரே வாரத்தில் பதினொரு தடவை கேட்டேன். கணக்கு வைக்க வேண்டும் என்று உட்காரவில்லை. காது தானாக வைத்துக்கொண்டது.

எல்லாம் ஒரு பெயரால் வந்தது. என் மாமனாரின் அப்பா காலத்தில் அரசாங்கம் ஊர்ப்பெயர்களைப் பழைய கிரேக்கப் பெயர்களாக மாற்றிக்கொண்டிருந்தது. ஊர்ச்சபை கூடி ஒரு பெயரை எழுதி அனுப்பும். ஆதென்ஸில் ஒரு குழு பார்த்து ஒப்புக்கொண்டால் அரசிதழில் வரும். கீழூருக்கு அதுவரை வால்தோஸ், அதாவது சதுப்பு, என்று பெயர். அவர்கள் முந்திக்கொண்டு 'இஹாலியா' என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். பழைய கோட்டைச் சுவர் இருப்பது எங்கள் ஊரில். அவர்கள் ஊரில் இருந்தது கொசு. ஆனால் எங்கள் சபை அந்த வாரம் ஏதோ ஓர் ஆட்டுத் தகராறைத் தீர்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் பெத்ரோவூனியாகவே, வெறும் கல்மலையாகவே, தங்கிவிட்டோம்.

இஹாலியா என்றால் லேசுப்பட்ட பெயர் இல்லை. வில்லாளி மன்னன் எவ்ரிதோஸ் ஆண்ட ஊர். தன்னை வில்லில் வெல்பவனுக்கு மகள் யோலியைத் தருவதாக அவன் சொன்னான். ஹெராக்ளிஸ் வந்து வென்றான். மன்னன் வார்த்தை மாறினான். ஹெராக்ளிஸ் பிறகொரு நாள் படையோடு வந்து ஊரைக் கொளுத்திவிட்டு யோலியை இழுத்துக்கொண்டு போனான். வீட்டில் அவனுக்குத் தியானிரா என்று ஒரு மனைவி. புருஷனை மீட்டுக்கொள்ள, வசிய மருந்து என்று நம்பி, செத்துப்போன ஒரு குதிரைமனிதனின் ரத்தத்தைச் சட்டையில் தடவி அனுப்பினாள். அது விஷம். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு எரிந்தது.

இது எங்கள் எவியா தீவில் நடந்தது என்று நாங்கள் சொல்கிறோம். மெசினியாக்காரர்கள் தங்கள் பக்கம்தான் என்கிறார்கள். தெசாலியிலும் சொல்கிறார்கள், எதோலியாவிலும் சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருஷமாக யாருக்கும் நிச்சயம் இல்லை. நிச்சயம் இல்லாத இடத்தில் பலகை வைத்தவன்தான் ராஜா. கீழூரில் கால்பந்துக் குழு எவ்ரிதோஸ், பெட்ரோல் நிலையம் ஹெராக்ளிஸ், மருந்துக்கடை யோலி, எவாந்தியாவின் விடுதியும் யோலி. ஆஸ்திரேலியாவில் புழுவைக் குத்தி உறிஞ்சும் ஒரு பூச்சி இனத்துக்குக்கூட இஹாலியா பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அங்கே தங்கிய பேராசிரியர் ஒருவர் சொன்னாராம். எவாந்தியா அதையும் பெருமையாகத்தான் என்னிடம் சொன்னாள். தியானிரா பெயரில் மட்டும் ஒரு கடையும் இல்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

எங்களுக்கு இருந்தது ஆலை. அதுவும் பழையது. கல் உருளைகள் காயைக் கொட்டையோடு அரைக்கும். அந்தக் கூழை அரை மணி நேரம் மெதுவாகப் பிசைய வேண்டும். பொடிப்பொடியான எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று தேடிச் சேர அவ்வளவு நேரம் ஆகும். பிறகு வட்டப் பாய்களில் தடவி, அடுக்கி, அழுத்த வேண்டும். பாயில் நேற்றைய எண்ணெயின் சிக்கு வாடை ஒட்டியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் இன்றைய எண்ணெயில் அது ஏறும். புது இயந்திரத்தில் பாயே கிடையாது. மூடிய உருளைக்குள் கூழ் வேகமாகச் சுழலும். கனமான சக்கை வெளிச்சுவரில் ஒதுங்கும், லேசான எண்ணெய் நடுவில் நிற்கும். அந்த இயந்திரம் இத்தாலியிலிருந்து வந்து பெட்டிக்குள் இருந்தது. பழைய கட்டடத்தில் அது நுழையாது. மலைப்பாதை ஓரத்தில் எங்களுக்கிருந்த நிலத்தில் புது ஆலை கட்ட அனுமதி வாங்கியிருந்தோம். நவம்பர் அறுவடைக்குள் அது ஓடவேண்டும். ஓடாவிட்டால் ஊர்க்காரர்கள் காயைத் துறைமுகத்து ஆலைக்கு ஏற்றிப்போவார்கள், அதன் பிறகு திரும்பி வரமாட்டார்கள். என் கணவர் அர்கிரிஸுக்கும் எனக்கும் இருந்த ஒரே கவலை அதுதான் என்று அவர் நினைத்தார்.

மார்ச் மாதம் ஒருநாள் மதியம் என் கொழுந்தன் மாந்தோஸின் வண்டி ஆலை வாசலில் வந்து நின்றது. பக்கத்தில் எவாந்தியா. பின்னால் காலிக் கூடைகள், அவற்றுக்கு அடியில் போர்வையில் சுற்றிய ஏதோ ஒன்று.

"அண்ணி, ஒரு உதவி. ரெண்டே மாசம்."

"என்னடா இது? எந்தக் கல்லறையில கை வெச்ச?"

"நீச்சல்குளத்துக்குத் தோண்டினேன். மூணாவது அடியில இது இளிச்சுக்கிட்டு நிக்குது."

போர்வையை விலக்கினேன். ஒரு பக்கம் உடைந்த வெள்ளைச் சலவைக்கல், முழங்கை நீளம். ஐந்து எழுத்துகள். இஹாலியா என்று எழுத ஆரம்பித்தால் முதலில் வரும் ஐந்து எழுத்துகள்.

எங்கள் நாட்டில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் இருக்கும் பழையதெல்லாம் அரசாங்கத்துடையது. சொன்னால் தொல்லியல் துறை வரும், வேலையை நிறுத்தும், தோண்டிப் பார்த்து முடிக்கும்வரை ஒரு செங்கல் வைக்க முடியாது. அதனால் கடைக்கால் தோண்டுகிறவனுக்கு எழுத்துள்ள கல் தட்டுப்பட்டால் அவன் முதலில் கல்லைப் பார்க்கமாட்டான், தெருவைப் பார்ப்பான்.

"டேய், இது உங்க ஊர்ப் பேருக்கே ஆதாரம். நாலு மாகாணம் அடிச்சுக்குது, நீ போர்வையில சுத்திக் கொண்டுவர்ற!"

மாந்தோஸ் சிரித்தான். "பேரு போர்டுலயே இருக்கு அண்ணி. அப்புறம் கல்லு எதுக்கு?"

"அக்கா, உன்ன விட்டா நாங்க யாரை நம்புறது?" என்று எவாந்தியா என் கையைப் பிடித்தாள். அவளுடைய நகங்கள் சுத்தமாக இருந்தன. என்னுடையவற்றில் எண்ணெய்க் கறுப்பு.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. அவர்கள் வீட்டில் அந்தப் பெயர் மிதமிஞ்சிக் கிடந்தது. மிச்சத்தை என் பழைய பாய்களுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு இல்லாத ஒன்றை அவளிடம் பார்ப்பதைப் பொறுத்துக்கொள்வேன். அவள் வேண்டாமென்று வைப்பதைப் பார்ப்பதுதான் வயிற்றை எரித்தது.

ஜூன் மாதம் குளம் கட்டி முடிந்தது. நீலத் தரை ஓடு பதித்து, தண்ணீர் நிரப்பி, முதல் பேருந்து வந்து 'புஸ்' என்றது. இனி அவர்களால் தங்கள் மண்ணைக் காட்ட முடியாது. கல் எங்கே போயிற்று என்று கேட்கவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டினால் வாயைத் திறக்கமாட்டான்.

எங்கள் ஊரில் மதியம் மூன்று மணிக்கு நாய்கூடத் தூங்கும். அந்த நேரத்தில் கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றி மலைப்பாதை நிலத்துக்குக் கொண்டுபோனேன். எழுத்துப் பள்ளங்களில் கீழூரின் சாம்பல்நிறக் களிமண் இருந்தது. பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுத்தேன். எங்கள் சிவப்பு மண்ணைக் குழைத்து அப்பி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்துக் காயவிட்டேன். புது ஆலை வரப்போவது நிலத்தின் கீழ்க்கோடியில். கல்லைப் புதைத்தது மேல்கோடியில், கோட்டைச் சுவரின் பக்கம். நடுவில் நூற்றிருபது அடி. காலால் அளந்தேன். எந்த இயந்திரத்திலும் இரண்டு பாகம் உரசாமல் இருக்க இடைவெளி விடுவார்களே, அப்படி விட்டதாக நினைத்தேன்.

பிறகு, இந்த நாட்டில் எவரும் செய்யாததைச் செய்தேன். தொல்லியல் துறைக்கு நானே போன் செய்தேன்.

"எங்க நிலத்துல எழுத்து வெட்டின கல்லு ஒண்ணு கெடச்சிருக்குங்க."

"யார் நிலத்துல?"

"எங்க நிலத்துல."

"நீங்களேவா கூப்பிடுறீங்க?"

"ஆமா."

"லைன்லயே இருங்கம்மா." அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அறையில் இருந்தவர்களிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது: "ஏய், இங்க ஓடி வாங்க! நிலத்துக்காரியே போன் பண்றா!"

இரண்டு நாளில் கலிரோயி என்ற அதிகாரி வந்தாள். வைக்கோல் தொப்பி, முழங்காலில் மண். எழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டாள். வட்டாரச் செய்தித்தாளில் 'உண்மையான இஹாலியா மலைமேலா?' என்று வந்தது. படத்தில் நான் கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். பத்து பிரதி வாங்கினேன். ஒன்றைக் கீழூர் மருந்துக்கடையில் 'மறந்து' வைத்துவிட்டு வந்தேன்.

அர்கிரிஸ் செய்தித்தாளை மேசையில் விரித்து வைத்தார்.

"அது என் தம்பி கல்லு."

"இப்ப நம்ம கல்லு."

"ஸ்தமாதா, உனக்குப் பைத்தியமா? அவங்க உன்ன நம்பிக் குடுத்தாங்க."

"குப்பைய நம்பித்தான் குடுக்கணுமா? அவங்களுக்கு வேண்டாம்னுதானே தூக்கிப் போட்டாங்க!"

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. ஒரு பக்கம்தான். சோதனைக் குழிகள் தோண்டி முடிக்கும்வரை மேற்படி எண்ணுள்ள நிலத்தில் எந்தக் கட்டுமானமும் கூடாது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு நேரே கலிரோயியிடம் போனேன்.

"கல்லு மேல்கோடியில. ஆலை கீழ்க்கோடியில. நடுவுல நூத்தி இருபது அடி இருக்கு!"

"அம்மா, சட்டம் அடிய அளக்காது. நில எண்ணைத்தான் பார்க்கும். முழு நிலமும் ஒரே எண்."

"எப்ப தோண்டுவீங்க?"

"இந்த வருஷம் ஆள் இல்ல. அடுத்த கோடையில பார்க்கலாம். இல்லன்னா அதுக்கு அடுத்த கோடை." அவள் நிஜமாகவே வருத்தப்பட்டாள். "உங்கள மாதிரி எல்லாரும் நேர்மையா இருந்தா எங்க வேலை எவ்வளவு சுலபமா இருக்கும் தெரியுமா?"

எதைச் சொல்வது? கல் அங்கே விளைந்தது இல்லை என்றால், எங்கே விளைந்தது என்று கேட்பாள்.

கம்பி வேலி வந்தது. வேலியில் ஒரு பலகை வந்தது: 'இஹாலியா — தொல்லியல் ஆய்விடம்.' ஆகஸ்டில் சில கார்கள் வந்தன. ஒரு தடவை பேருந்தே ஏறி வந்து, எங்கள் ஆலைக்கு முன்னால் 'புஸ்' என்றது. ஜெர்மன்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று காய்ந்த புல்லைப் படம் எடுத்தார்கள். நான் கைகட்டி நின்று பார்த்தேன். அர்கிரிஸ் இத்தாலியப் பெட்டியின்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

நவம்பரில் ஊர்க்காரர்களின் காய்மூட்டைகள் எங்கள் வாசலைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போயின. முதல் நாள் சிலர் வண்டியை நிறுத்தி மன்னிப்புக் கேட்டார்கள். அடுத்த நாள் ஹார்ன் மட்டும் அடித்தார்கள். மூன்றாம் வாரம் அர்கிரிஸும் அங்கேயே கூலிக்குப் போனார். அங்கே நான் சொன்ன அதே சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேறொருவரின் எண்ணெயைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

அந்த வாரம் எவாந்தியா தனியாக மலை ஏறி வந்தாள். ஜூனுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. திட்ட வருகிறாள் என்று நினைத்து நான் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை. வேலியோரம் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, மாமா துறைமுகத்துக்குப் போறாராமே. மாந்தோஸ் கேள்விப்பட்டு ரெண்டு நாளா சாப்பிடல."

"சாப்பிடச் சொல்லு. உங்க வீட்டுல என்ன கொறச்சல்?"

"நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். கல்லு எங்க மண்ணுல கெடச்சதுன்னு மாந்தோஸ் போய் எழுதிக் குடுத்துடுவான். அபராதம் போடட்டும். கேஸ் போடட்டும். குளத்த உடைக்கணும்னா உடைச்சுக்கட்டும். உங்க நிலம் உங்க கைக்கு வந்துடும், டிசம்பருக்குள்ளயே ஆலை வேலைய ஆரம்பிச்சிடலாம்."

"நான் பண்ணினது?"

"உன் பேரு வராது. நான்தான் கொண்டுவந்து புதைச்சேன்னு சொல்லிக்கிறேன்."

நான் அவள் முகத்தைத் தேடினேன். எங்கேயாவது ஒரு கணக்கு, ஒரு குத்தல், ஒரு வெற்றிச் சிரிப்பு இருக்கும் என்று பார்த்தேன். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பார்த்தால் அது எதனால் ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். இவளிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. கண் சிவந்திருந்தது, அவ்வளவுதான். மலைக்காற்றுக்குத் தலையில் துணிகூடக் கட்டாமல் வந்திருந்தாள்.

பெயர் அவளிடம் இருந்தது. பேருந்து இருந்தது. நீலத் தண்ணீர் இருந்தது. இப்போது இதுவும் அவளிடமே இருக்கப்போகிறது. புது ஆலை ஓடும் ஒவ்வொரு நாளும், சுழலியின் இரைச்சலுக்குள் நான் அவளுடைய நல்ல மனதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"வேண்டாம்" என்றேன்.

"அக்கா, யோசிச்சுச் சொல்லு. மாமாவ நெனச்சுப் பாரு."

"என்ன கல்லு? என்ன மண்ணு? அது எங்க நிலத்துல கெடச்சது. பேப்பர்லயே வந்திருக்கு. உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு, கெளம்பு."

அவள் பாதையில் இறங்கிப் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அர்கிரிஸ் வேறொருவர் ஆலையின் எண்ணெய் வாசத்தோடு வந்து காலணியைக் கழற்றினார்.

"எவாந்தியா வந்தாளாமே. என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். "பலகையப் பார்க்க வந்தா."